செலவில்லாமல் போட்ட வீதி

போன மாதம் கீர்த்தனா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற சிட்னி அருங்காட்சியகத்தில் இப்போது என் கதிரையில் இருப்பவள் அவள்தான். கோயம்புத்தூர்ப் பெண்.

"ஆன்ட்டி, இப்பல்லாம் லேபிளை முதல்ல கம்ப்யூட்டரே எழுதித் தந்துடுது. நாங்க திருத்துறோம், அவ்வளவுதான். டீம்ல எல்லாரும் நீங்க ஒரு நாள் வந்து பேசணும்னு கேக்கிறாங்க. அந்த ஸ்பெயின் பிரபு விஷயத்தைச் சொல்லுங்க. அதைப் பத்தி இங்க ஆளுக்கொரு கதை சொல்றாங்க."

ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. வந்து பேசினால் பாதியை விட்டுவிடுவேன், எழுதியே தருகிறேன் என்றேன். அதுதான் இது.

அருங்காட்சியகத்தில் ஒரு பொருளுக்குப் பக்கத்தில் சின்னப் பலகையில் நாலைந்து வரி இருக்குமே, அதை எழுதுவது என் தொழில். யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துவிட்டு, மேற்படிப்புக்கென்று சிட்னிக்கு வந்து, ஊரில் சண்டை பெருத்ததால் திரும்பிப் போகாமல் நின்றவர்களில் நானும் ஒருத்தி. முதலில் வாசலில் நுழைவுச்சீட்டு கிழித்தேன். பிறகு நூலகம். அதன்பிறகுதான் ஹெலனின் பிரிவுக்குப் போனேன்.

ஹெலன் எங்கள் எழுத்துப் பிரிவின் தலைவி. நெடிய பெண். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு பொருளுக்கு எழுதியதை, அந்தப் பொருளுக்கு முன்னால் நின்று அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மேசையில் இருந்து வாசிக்க விடமாட்டார். வாசிக்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார், பொருளைத்தான் பார்ப்பார். முடிந்ததும் இரண்டு கேள்வி கேட்பார். இது உனக்கு எப்படித் தெரியும்? இதைச் செய்தது யார்? "பானை கண்டெடுக்கப்பட்டது" என்று எழுதினால், எடுத்தவர் யார் என்று கேட்பார். எடுத்தவர் யாரென்று தெரியாவிட்டால், தெரியாது என்று எழுதச் சொல்வார். எழுதியது சரி என்றால் "ம்" என்பார். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. ஒன்றை மறுக்கப் போகிறார் என்றால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அந்தக் கண்ணாடி கழன்றால் எங்கள் பிரிவில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம்.

நான் எழுதிய முதல் பலகை ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்கு. "இலங்கையின் மிகச்சிறந்த தேயிலை இந்தப் பெட்டியில் வந்தது" என்று வாசித்தேன்.

"மிகச்சிறந்தது எண்டு எப்பிடித் தெரியும்? குடிச்சுப் பாத்தனியோ?"

ஹெலன் பேசியது ஆங்கிலம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் மற்றவர்கள் பேசுவதையும் அப்படியே எழுதுகிறேன்.

ஸ்பெயின் கண்காட்சி வந்தபோது நான் அந்தப் பிரிவில் மூத்தவளாகிவிட்டேன். ஹெலன் ஓய்வுபெற இருந்தார். அவருடைய இடம் எனக்குத்தான் என்று அருங்காட்சியகப் பணிப்பாளர் நேரிலேயே சொல்லியிருந்தார்.

கண்காட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஸ்பானியப் பிரபுவைப் பற்றியது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. அவர்கள் மொழியில் பிரபுவைக் கொண்டே என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய உருவப்படம், மேலங்கி, பதக்கங்கள், எழுதுமேசை, வெள்ளிப் பாத்திரங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றைக் கடனாகக் கொடுத்தவர் கொண்டேயின் வழித்தோன்றலான டோன்யா இனெஸ், அதாவது இனெஸ் அம்மையார். மத்ரித்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். கண்காட்சியில் வரும் ஒவ்வொரு வரிக்கும் அவர் கையெழுத்து வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கொண்டேயின் வாழ்க்கையைப் பல மாதங்கள் படித்தேன். படிக்கப் படிக்க அந்த மனிதரில் எனக்கு மதிப்புக் கூடியது. அவர் வீட்டுக்கு இரண்டாவது மகன். தமையன் குதிரையிலிருந்து விழுந்து இறந்ததால் பட்டம் இவருக்கு வந்தது. சட்டம் படித்தார். வறண்ட தங்கள் ஊருக்கே நகரத் தலைவரானார். அந்தச் சமயத்தில் கொலராக் கொள்ளைநோய் வந்தது. அவருடைய தரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வண்டி கட்டி மலைப்பக்கம் போய்விட்டார்கள். இவர் போகவில்லை. தன் மாளிகையின் கீழ்த்தளத்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார். அங்கே மனைவி நோயாளிகளைப் பார்த்தாள். நோய் தொற்றி அவளும் இறந்தாள். அடக்கம் முடிந்த கையோடு இவர் நகர மன்றத்தைக் கூட்டி, மலைச் சுனையிலிருந்து ஊருக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவரத் தீர்மானம் போட்டார். தங்கள் நிலத்தில் குழாய் போகக்கூடாதென்று காணிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். தன்னுடைய நிலத்தை வெட்டிக் குழாயைத் திருப்பினார். தண்ணீர் வந்தது.

அந்தப் பலகையை நான் வாசித்தபோது ஹெலன் "ம்" என்றதோடு நிற்கவில்லை. "நல்ல மனிசன்" என்றார்.

அதற்குப் பிறகு அரசு அவரைப் பிலிப்பைன்சுக்கு அனுப்பியது. அங்கே ஒரு மாகாணத்துக்கு ஆளுநர். மலையைக் குடைந்து கடற்கரை வரை ஒரு வீதி போட்டார். திரும்பிப் போய்க் கொஞ்சக் காலம் அமைச்சராக இருந்தார். கடைசியில் நிலத்தின் பெரும்பகுதியை மருத்துவமனைக்கு எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார்.

வீதி போட்டதற்கு நன்றியாக அந்த ஊர் வணிகர்கள் கொடுத்த பெரிய வெள்ளித் தட்டு ஒன்று வந்திருந்தது. விளிம்பைச் சுற்றி எழுத்து வெட்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் எழுதித் தந்தார்: "அரச கருவூலத்துக்கு ஒரு காசும் செலவில்லாமல் இந்த வீதியைத் தந்த எங்கள் ஆளுநருக்கு."

அதற்கும் ஒரு பலகை எழுதி முடித்திருந்தேன். ஆளுநரின் சிக்கனத்தைப் பற்றி.

அந்தக் கிழமை இரத்த அழுத்தம் பார்க்க, சிட்னியின் புறநகரான பிளாக்டவுனில் என் மருத்துவரிடம் போனேன். டொக்டர் லூர்துஸ் பிலிப்பைன்ஸ்காரி. பல வருடமாக எங்கள் குடும்பத்துக்கு அவர்தான். கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டே, வேலை எப்படி என்று கேட்டார். கண்காட்சியைச் சொன்னேன். மாகாணத்தின் பெயரையும் சொன்னேன். பட்டியில் காற்றடித்துக்கொண்டிருந்த அவருடைய கை நின்றுவிட்டது.

"மலை வீதியோ? கடற்கரைக்குப் போறது?"

"ஓம். உங்களுக்குத் தெரியுமோ?"

"அது என்ர அப்பாவின்ர ஊர். சின்னனில நான் ஒரு வேலைக்குப் பஞ்சிப்பட்டுச் சும்மா இருந்தால், ‘உன்னை என்ன கொண்டேயின்ர வீதிக்கோ அனுப்புறன்?’ எண்டு அப்பா பேசுவார். எங்கட வீட்டில எல்லாரும் அப்பிடித்தான் பேசுவினம்."

பிறகு அவர் சொன்னது இது. ஊரில் ஒவ்வோர் ஆணும் வருடத்தில் குறிப்பிட்ட நாட்கள் அரசுக்குக் கூலியில்லாமல் வேலைசெய்ய வேண்டும். அந்த வருடம் அவருடைய தகப்பனின் பாட்டனாரையும் கல் சுமக்க மலைக்குக் கொண்டுபோனார்கள். மழை தொடங்கியும் விடவில்லை. வயலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் தனியே நட்டார்கள். முடிந்தது கொஞ்சம், முடியாதது அதிகம். மலைச்சரிவு இடிந்தபோது பாட்டனாரின் தம்பி கீழே நின்றான். பாட்டனார் உயிரோடு வந்தார், ஒரு தோள் மட்டும் கடைசிவரை நிமிரவில்லை.

"உங்கட அழுத்தம் கூடியிருக்குது" என்றார் டொக்டர். "என்ரையும் கூடியிருக்கும்."

அன்றைக்கு ரயிலில், என் வீடு இருக்கும் டூங்கபி வரும் வரைக்கும் அந்த ஒரே வரிதான் மனதில் ஓடியது. ஒரு காசும் செலவில்லாமல். அதை எத்தனையோ முறை வாசித்திருந்தேன். மலையைக் குடைய ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறு வேண்டும் என்பது தோன்றாமல் போனது. அடுத்த சில நாட்கள் பிலிப்பைன்ஸ் வரலாற்று நூல்களைத் தேடி வாசித்தேன். கூலியில்லாத கட்டாய வேலை இரகசியமே அல்ல. எல்லா நூலிலும் இருந்தது. அந்த வீதியின் பெயரும் இருந்தது.

பலகையைத் திருப்பி எழுதினேன். தட்டுக்கு முன்னால் நின்று ஹெலனுக்கு வாசித்தேன்.

"கருவூலத்துக்குச் செலவில்லாமல் போனது, வேலைசெய்தவர்களுக்குக் கூலி கொடுக்காததால். ஊர் ஆண்களை ஆளுநர் மலைக்குக் கொண்டுபோய்க் கொடூரமாக வேலைவாங்கினார். பலர் திரும்பி வரவில்லை."

ஹெலன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "எப்பிடித் தெரியும்?" என்றார். நூல்களைச் சொன்னேன். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "டோன்யா இனெஸ் வரட்டும்" என்றார். "ம்" சொல்லவில்லை. கண்ணாடியையும் கழற்றவில்லை.

டோன்யா இனெஸ் கண்காட்சி திறப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன் வந்தார். மெலிந்த உருவம், வெள்ளை முடி, கறுப்பு உடுப்பு. ஆங்கிலம் நன்றாகப் பேசினார். கால் வலிக்கிறது என்று சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவர்கள் மொழியில் அது சப்பாத்தோ என்றார். எங்கள் ஊரிலும் சப்பாத்து என்றுதான் சொல்வோம் என்றேன். சமையலறையைச் சொல்லும் எங்கள் குசினிக்கும் கிட்டத்தட்ட அதே சொல் அவரிடம் இருந்தது. போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போனவை என்றேன். இருவரும் சிரித்தோம். அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அதனால் அடுத்து நடந்தது கஷ்டமாக இருந்தது.

தட்டுப் பலகையை அவருக்கும் நின்று வாசித்தேன்.

"இதில நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார்.

"ஏன் எண்டு சொல்லுங்கோ."

"மனிசி செத்த கிழமையிலயே ஊருக்குத் தண்ணி கொண்டுவரத் தொடங்கின ஆள் அவர். அவரைக் கொடூரம் எண்டு ஒரு சொல்லில முடிக்கிறீங்கள். நீங்கள் அங்க நிண்டனீங்களோ?"

"நான் நிக்கேல்லை. நிண்டவையின்ர கொள்ளுப்பேத்தி பிளாக்டவுனில இருக்கிறா. கேக்கிறீங்களோ?"

நீதிபதியாக இருந்தவர் அல்லவா, மாட்டேன் என்று சொல்லவில்லை. மறுநாள் டொக்டர் லூர்துஸ் மதியம் கிளினிக்கை மூடிவிட்டு வந்தார். எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். அழவில்லை, குரலும் உயரவில்லை. டோன்யா இனெஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் நன்றி சொன்னார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டார். கையெழுத்து இல்லை.

அன்று பின்னேரமே பணிப்பாளர் என்னையும் ஹெலனையும் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கண்காட்சி திறக்காமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"தட்டு ஒண்டுதானே பிரச்சினை. தட்டை எடுத்து விடுவம். வீதியைப் பற்றிச் சுவரில ஒரு வரி: உள்ளூர் உழைப்பால் கட்டப்பட்டது. ஆருக்கும் நோகாது."

"ஆர் கட்டினது?" என்றேன்.

"அதுதானே, உள்ளூர் உழைப்பு."

"உழைப்பு நடந்து மலைக்குப் போகாது. ஆக்கள்தான் போவினம்."

பணிப்பாளர் பொறுமையாகச் சொன்னார். "பவானி, இன்னும் கொஞ்ச நாளில நீங்கள் இந்தப் பிரிவை நடத்த வேண்டியவர். விட்டுக்குடுக்கவும் தெரிய வேணும்."

"தட்டை எடுத்தால் மிச்சப் பலகையளையும் வேற ஆரும் எழுதட்டும். நன்றிப் பலகையில என்ர பேரையும் எடுத்துவிடுங்கோ."

ஹெலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்னைத்தான் அடக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பணிப்பாளரைப் பார்த்தார்.

"தட்டை எடுக்கிறதெண்டால் கொலராப் பலகையையும் எடுக்க வேணும். அரை மனிசனைச் சுவரில மாட்ட ஏலாது."

நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்று பணிப்பாளர் எழுந்துவிட்டார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

"நீர் சொன்னது சரி. ஆனா உமக்கு அந்த வேலை வேணுமே?"

"வேணும். இஞ்சேருங்கோ, எங்கட ஊரில வீதிக்கல்லுகளில ஆரின்ர பேர் இருந்தது? வந்து திறந்து வைச்சவையின்ர பேர். ஒரு கல்லில எண்டாலும் கல்லுடைச்சவன்ர பேர் இருந்ததோ? இங்க வந்தும் அதே கல்லைத்தான் நான் எழுத வேணுமோ?"

அவர் அடுப்பைக் குறைத்தார். "அப்ப விடாதையும்" என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது டோன்யா இனெஸ் எனக்கு முன்பே வந்து தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஹெலன்.

"உங்கட பலகையில ரெண்டு பிழை இருக்குது" என்றார் டோன்யா இனெஸ்.

"சொல்லுங்கோ."

"கொடூரமாக எண்ட சொல். அதுக்கு என்ன சான்று? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது தீர்ப்பு, சான்று இல்லை. எடுக்க வேணும்."

நான் ஹெலனைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லுக்கு அவர் "ம்" சொல்லாதது ஏன் என்று அப்போது விளங்கியது. "எடுக்கிறன்" என்றேன்.

"மற்றது, இந்தச் சட்டத்தை அவர் கொண்டுவரேல்லை. அவருக்கு முன்னமே இருந்தது. அதை எழுத வேணும்."

அதையும் எழுதுகிறேன் என்றேன். இரண்டையும் மாற்றினால் கொண்டேயின் மேல் இருந்த பாரம் குறைந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் சொன்ன இரண்டும் உண்மை.

டோன்யா இனெஸ் போகவில்லை. மேலங்கி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியில் கையூன்றி நின்றார்.

"அவர் தன்ர வாழ்க்கையை எழுதி அச்சடிச்சவர். எங்கட வீட்டில பிள்ளையள் எல்லாருக்கும் அதில ஒரு வரி பாடம். கஷ்டம் வந்தால் அதைத்தான் சொல்லித் தருவினம். வீதி போட்ட இடத்தில வருகுது." அதை முதலில் ஸ்பானிய மொழியில் சொன்னார், பிறகு ஆங்கிலத்தில். "மழை வந்தது. நாங்கள் நிற்கவில்லை."

பெட்டிக்குள் இருந்த மேலங்கியைப் பார்த்தார்.

"பரீட்சைக்கு முதல் நாள் சொல்லுவன். பெரிய வழக்குகளில தீர்ப்பு எழுதேக்க சொல்லுவன். இந்த நாங்கள் ஆர் எண்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. நேற்று அந்த டொக்டர் சொல்லேக்கதான், நாத்து முத்தினதும் அதே மழையிலதான் எண்டு விளங்கினது. சட்டம் அவரின்ர இல்லை. ஆனா நடவுக்கு ஆக்களை விடாதது அவர் எடுத்த முடிவு. தானே எழுதி வைச்சிருக்கிறார். அதையும் எழுதுங்கோ. அதுக்குச் சான்று நான் தாறன்."

மூன்று பேரும் நின்றபடியே எழுதினோம். நான் ஒரு வரி சொல்வேன், டோன்யா இனெஸ் ஒரு சொல்லை மறுப்பார், ஹெலன் ஒன்றை வெட்டுவார். கடைசியில் நின்றது இது:

"கருவூலத்துக்குச் செலவில்லாமல் போனது, வேலைசெய்தவர்களுக்குக் கூலி கொடுக்காததால். கூலியில்லாமல் அரசுக்கு வேலைசெய்ய வேண்டும் என்ற சட்டம் இந்த ஆளுநர் வருமுன்பே இருந்தது. மழை தொடங்கிய பிறகும் ஆட்களை நடவுக்கு விடாமல் மலையில் வைத்திருந்தது அவர் எடுத்த முடிவு. ‘மழை வந்தது. நாங்கள் நிற்கவில்லை’ என்று அவரே எழுதினார். சிலர் சரிவில் புதைந்தார்கள். வயல்கள் நடப்படாமல் கிடந்தன."

நான் முதலில் எழுதியதைவிட அது கனமாக இருந்தது. திட்டும் சொல் ஒன்றும் அதில் இல்லை. டோன்யா இனெஸ் கையெழுத்து வைத்தார். பணிப்பாளர் வாசித்துவிட்டு, "நீதிபதிக்குச் சம்மதம் எண்டால் எனக்கும் சம்மதம்" என்றார். கொலராப் பலகையில் ஒரு சொல்லும் மாறவில்லை. இரண்டு பலகைகளும் எதிரெதிர்ச் சுவரில், ஒரே எழுத்தளவில் இருந்தன.

திறப்பு நாளில் கூட்டம் வந்தது. கொண்டேயை அவமதித்துவிட்டோம் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். இப்படிப்பட்டவருக்குக் கண்காட்சி எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். இருவருக்கும் ஹெலன் ஒரே பதிலைச் சொன்னார்: எதிர்ச் சுவரில் இருப்பதையும் வாசித்துவிட்டு வாருங்கள்.

மதியத்துக்குப் பிறகு டொக்டர் லூர்துஸ் தன் தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிகவும் வயதானவர், வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். தட்டுப் பலகையை மெதுவாக வாசித்தார். பிறகு கதிரை கேட்டார். காவலாளி கொண்டுவந்து போட்டதும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அங்கிள், தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

டோன்யா இனெஸ் தூரத்தில் விருந்தினரோடு நின்றார். எங்களைக் கண்டதும் வந்தார். இன்னொரு கதிரையைத் தானே இழுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கால வழக்கப்படி முதியவர் கல்லூரியில் ஸ்பானிய மொழி படித்தவராம். அது டொக்டருக்கே எனக்குச் சொல்லும்போதுதான் நினைவுக்கு வந்தது. இருவரும் அந்த மொழியில் பேசத் தொடங்கினார்கள். டொக்டருக்கும் எனக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நாங்கள் சற்றுத் தள்ளி நின்றோம். முதியவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். டோன்யா இனெஸ் தலையைக் குனிந்து கேட்டார். பிறகு அவர் எதையோ சொல்ல, முதியவர் இல்லையென்று தலையாட்டித் திருத்தினார். மறுபடி சொன்னார், மறுபடி திருத்தினார். அதற்கடுத்த முறை முதியவரின் முகம் தெளிந்தது. டோன்யா இனெஸ் எழுந்து அவருடைய கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

முதியவரைக் காருக்குக் கூட்டிப்போகும்போது கேட்டேன்.

"அங்கிள், என்ன கதைச்சனீங்கள்?"

"தோள் சரியில்லாமல் வந்தாரே என்ர பாட்டனார், அவரின்ர பேரைக் கேட்டா. சிமோன் டுமங்கோன் எண்டு சொன்னனான். அவவுக்கு அந்த ரெண்டாவது சொல் வருகுதில்லை. சரியா வருமட்டும் சொல்லிப் பாத்துட்டுத்தான் எழும்பினவ."